முதலில் கிளாஸ், அப்புறம் கார்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கார் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஞாயிறு விடியற்காலையில் சித்தூர் – திருப்பதி ஆறுவழிச் சாலையோரம், டீக்கடை வாசலில் நீங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு நிற்பதைப் பல வாரமாகப் பார்க்கிறேன். இரண்டு முறை நானும் நின்று பேசியிருக்கிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஆட்டோகிராஸ் ஓட்டணும். வீட்ல 15 லட்சம் வரைக்கும் ஒத்துக்கிட்டாங்க. எந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை. "எழுதித் தருகிறேன்" என்றேன். அதுதான் இந்த மடல். தமிழில் தம்பி என்றாலும் தெலுங்கில் தம்முடு என்றாலும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. காரணம், அவர் போட்டி நடக்கிற இடத்துக்குப் போக நினைக்கிறார். உங்களில் வேறு சிலர் ஆறுவழிச் சாலையிலேயே பந்தயம் வைத்துக்கொள்கிறீர்கள், திருமலை மலைப்பாதையில் எத்தனை நிமிடத்தில் இறங்கினோம் என்று கணக்குப் பேசுகிறீர்கள். அலிபிரியிலிருந்து ஏற 28 நிமிடத்துக்கும், இறங்க 40 நிமிடத்துக்கும் குறையக் கூடாது என்று தேவஸ்தானம் விதி வைத்திருப்பது உங்களுக்கும் தெரியும். மோகாலிமெட்டுப் பக்கம் நடந்து வரும் பக்தர்கள் சாலையோரமாகவே நடக்கிறார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. அந்த வளைவில் வேகம் காட்டுகிறவனை நான் ஓட்டுநர் என்று சொல்ல மாட்டேன். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. வேகத்துக்கு வேறு இடம் இருக்கிறது. அங்கே எப்படிப் போவது என்பதுதான் இனிப் பேச்சு.

ஆட்டோகிராஸ் பற்றிப் புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மைதானத்தில் தடம் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியாக ஓடும். கடிகாரம்தான் எதிராளி. கோனை இடித்தால் நேரம் கூடும், தடம் மாறினால் அந்த ஓட்டமே போச்சு. அமெரிக்காவில் இதைத் தார் மைதானத்தில் ரப்பர் கோன் வைத்து நடத்துகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் மண். கோவைப் பக்கமும், சிக்மகளூர்ப் பக்கமும், பெங்களூரைச் சுற்றியும் இது நடந்து வருகிறது. சென்னையில் 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்திலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பித்து உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. சித்தூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ இரண்டரை, மூன்று மணி நேரத்தில் அங்கே போய்விடலாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எந்தக் கார் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கிளாஸ், அதாவது எந்தப் போட்டிப் பிரிவு, என்று கேளுங்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை அதிகம்.

பல வருடத்துக்கு முன்னால் பழைய எஸ்டீம் ஒன்று வாங்கினேன். 1298 சி.சி. வண்டி, எடை குறைவு, இன்ஜின் நன்றாக இழுக்கும். 1400 சி.சி. வரையுள்ள கிளாஸுக்கு அருமையான வண்டி. விற்றவர் "இன்ஜின் வேலை கொஞ்சம் பண்ணியிருக்கு" என்று மட்டும் சொன்னார். பிக்கப்பைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கோவைப் பக்கம் ஒரு மண் மைதானத்தில் முதல் போட்டி. காலையில் வண்டிப் பரிசோதனை. பரிசோதகர் வயதானவர், சட்டைப் பையில் டார்ச். பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து அசைத்து பேரிங் ஆடுகிறதா என்று பார்த்தார். டிக்கியில் இருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்கச் சொன்னார். கடைசியில் பானெட்டுக்குள் குனிந்து, டார்ச்சை பிளாக்கின் ஓரத்தில் அடித்து, ஆர்.சி.யை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது 1600 பலேனோ இன்ஜின்" என்றார். என் ஆர்.சி.யில் 1298. அன்றைக்கு என்னை மேல் கிளாஸில் போட்டார்கள். என் பக்கத்தில் நின்றவையெல்லாம் வருடக்கணக்கில் தயார் செய்த வண்டிகள், ஓட்டியவர்களும் ராலி ஓட்டிப் பழகிய கைகள். கடைசியில் இரண்டாவதாக வந்தேன்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. ஆர்.சி.க்குப் பொருந்தாத இன்ஜினோடு அந்த வண்டியை அத்தனை நாள் சாலையில் ஓட்டியிருக்கிறேன். விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? ஊருக்கு வந்ததும் சரியான இன்ஜினைத் தேடிப் போட்டுக் கணக்கைத் தீர்க்க ஆறு மாதம் ஆனது. அடுத்த போட்டிக்கு என் மைத்துனருடைய ஸ்விஃப்டை இரவல் வாங்கிப் போனேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த 1.3 பெட்ரோல். 1400 கிளாஸில் நான்காவது இடம். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

நம் நாட்டில் கிளாஸ் பிரிப்பது பெரும்பாலும் சி.சி.யை வைத்து. தோராயமாக 1100 வரை ஒன்று, 1400 வரை ஒன்று, 1600ஐ ஒட்டி ஒன்று, அதற்கு மேல் ஓப்பன். போட்டிக்குப் போட்டி எல்லை கொஞ்சம் மாறும், ஆகவே அந்தந்தப் போட்டியின் துணை விதிகளை வரி விடாமல் படியுங்கள். இதில் நீங்கள் எல்லோரும் தவறவிடுகிற ஒரு விஷயம் டர்போ. உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் கணக்குப்படி, டர்போ பெட்ரோல் இன்ஜினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்க வேண்டும். டர்போ டீசலுக்கு 1.5. இதை வைத்து உங்கள் வண்டிகளையே பாருங்கள். உங்களில் மூன்று பேர் ஆசைப்படுகிற ஐ20 என் லைன் 998 சி.சி.தான். பெருக்கினால் 1697. 1600 எல்லையையும் தாண்டிவிடுகிறது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1197, பெருக்கினால் 2035. ஆல்ட்ரோஸ் ரேசரும் அதே கதைதான், 2038. பழைய ஸ்விஃப்ட் டீசல் 1248 சி.சி., கணக்கில் 1872. ஷோரூமில் சின்ன வண்டியாக இருந்தது, மைதானத்தில் பெரிய வண்டிகளோடு நிற்கும். டர்போ போடாத போலோவின் 1598 சி.சி. இன்ஜின் 1600 எல்லைக்கு அடியில் கச்சிதமாக உட்காருகிறது. ராலிக்காரர்கள் இத்தனை வருடம் அந்த 1.6 போலோவைத் தேடித் தேடி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் வாங்கும்போது கிளாஸின் மேல் எல்லையை ஒட்டி நிற்கிற, டர்போ இல்லாத, எடை குறைந்த வண்டியைப் பாருங்கள். 1100க்குள் என்றால் பழைய ஜென் 993 சி.சி., சான்ட்ரோ ஜிங் 1086 சி.சி. 1400க்குள் எஸ்டீமும் முதல் தலைமுறை ஸ்விஃப்டும் 1298. பின்னால் வந்த ஸ்விஃப்ட் 1197 சி.சி.தான், ஆனால் 2018இல் வந்த மாடலின் எடை 900 கிலோவுக்கும் கீழே. நூறு சி.சி. குறைந்ததை எடை ஈடு கட்டிவிடும். 1600க்கு ஹோண்டா சிட்டி 1.5, ஃபோர்டு ஃபியஸ்டா 1.6, போலோ 1.6. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் ஃபியஸ்டாவுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டிவரும். மறைமலைநகரில் செய்த வண்டி என்ற பாசத்தில் வாங்கிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் வண்டிக்கு ஸ்விஃப்ட் பெட்ரோல். அதில் வேறு யோசனையே எனக்கு இல்லை. உதிரிபாகம் நம் ஊர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அந்த வண்டி அத்துப்படி. கிளாஸில் உங்களைப் போலவே பத்துப் பேர் அதே வண்டியில் வருவார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் உங்களைவிட மூன்று விநாடி வேகமாக ஓட்டினால், அந்த மூன்று விநாடியும் உங்கள் கையிலும் காலிலும்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய பாடம் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் கற்றுத் தராது. கோவை கரிவர்தன் மாருதி 800இன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி செய்தாரே, அந்த ஃபார்முலா மாருதியின் சிறப்பும் அதுதான். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஓட்டுகிறவன்தான் வித்தியாசம். நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில் தொடங்கித்தான் 2005இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவர்தன் 1995இல் வான விபத்தில் போய்விட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த தடம் அவர் பெயரில் இருக்கிறது. போகிறபோது ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் 1944இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. சங்கம் நடத்துகிற ஆட்டோகிராஸில், 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 இன்றைக்கும் முன்வரிசை வண்டி. ஒரு டன் அளவு எடை, பின்சக்கர இழுவை, முன்னும் பின்னும் பாதிப் பாதி பாரம். கோன்களுக்கு நடுவே அது திரும்புவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்த வண்டியை நம் நாட்டில் கம்பெனி விற்றதே இல்லை. வெளியிலிருந்து இறக்கினால் சுங்க வரியே வண்டி விலையைத் தொடும். இறக்கினாலும் சி.சி. கணக்கில் அதற்கு இங்கே தனி இடம் கிடையாது. அங்கே கிளாஸ் பிரிப்பது மாடல் வாரியாக. எந்த மாடல் எந்த மாடலுக்குச் சரிசமம் என்று ஒரு குழு உட்கார்ந்து வருடா வருடம் பார்த்துப் பட்டியல் போடுகிறது. ஸ்ட்ரீட் கிளாஸில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம், பிரேக் பேடை மாற்றலாம், ஆன்டி ரோல் பார் ஒன்றை மாற்றலாம். ஸ்பிரிங்கில் கை வைத்தால் கிளாஸை விட்டு வெளியே போக வேண்டியதுதான். டயரின் தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் இது: எதை மாற்றினால் எந்தக் கிளாஸுக்குத் தள்ளப்படுவோம் என்று பார்த்த பிறகுதான் ஸ்பானரையே எடுக்கிறார்கள்.

உங்களில் நாலைந்து பேர் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருக்கிறீர்கள். பார்க்க அழகுதான். மண் தடத்தில் அது ஆயில் சம்ப்பைக் கல்லில் கொண்டுபோய் இடிக்கும், பள்ளத்தில் ஷாக் முட்டி நிற்கும், திருப்பத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். மாற்றம் செய்த வண்டிகளின் கிளாஸுக்கும் தள்ளிவிடுவார்கள். பணம் செலவழித்து நேரத்தைக் கூட்டிக்கொள்கிற காரியம். இன்ஜின் கணினியை மாற்றி எழுதுகிற ரீமேப்பும் அப்படித்தான்.

எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கிற வண்டி அதுதானே, அதிலேயே ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்டீர்கள். வேண்டாம். உயரமான வண்டி திடீர்த் திருப்பத்தில் கவிழும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவில் உள்ள அகலத்தையும் தரையிலிருந்து கூரை வரை உள்ள உயரத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். உயரம் அகலத்தை நன்றாகவே மிஞ்சினால் அந்த வண்டியைத் தடத்தில் இறக்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எஸ்.சி.சி.ஏ. விதிப் புத்தகத்திலும் இந்த அளவுக்கு இடம் உண்டு. வீட்டாரை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போக அந்த வண்டி இருக்கட்டும்.

வண்டி வாங்கியாயிற்று. மிச்சப் பணத்தை எங்கே போடுவது? டயர். அப்புறம் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். அதற்கப்புறம் நல்ல ஹெல்மெட். மற்றதெல்லாம் ஒரு வருடம் கழித்து. தார் மைதானத்தில் பழகும்போது காற்றழுத்தம் சரியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், காசே வேண்டாம். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்பீஸ் ஒன்று போதும். டயரின் நடுப்பகுதியிலிருந்து பக்கச் சுவர் வரை தோளின் மேலாக ஒரு கோடு இழுங்கள், நாலு சக்கரத்துக்கும் மூன்று மூன்று இடத்தில். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் தரையில் உரசியிருக்கிறது. தோளின் விளிம்பில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அழிவு அந்தக் குறியோடு நின்றால் அழுத்தம் சரி. அதைத் தாண்டிப் பக்கச் சுவரில் ஏறியிருந்தால் டயர் மடிந்து உருளுகிறது, இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். குறிக்கு வெகு முன்னாலேயே நின்றால் கொஞ்சம் இறக்குங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர்தான் பாவம், இழுப்பதும் அதுதான், திருப்புவதும் அதுதான். அதன் கோடு எப்போதும் பின்னதைவிட அதிகம் அழிந்திருக்கும். முதல் முறை குனிந்து அதைப் பார்த்தபோது, வண்டி என்னிடம் பேசிய மாதிரியே இருந்தது.

தடத்தை நடந்து பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். ஓட்டம் சட்டென்று, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். உள்ளே போன பிறகு யோசிக்க நேரம் இல்லை. மூன்று முறை நடங்கள். முதல் முறை வழி தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை வண்டியின் இருக்கை உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து அடுத்த கோன் தெரிகிறதா என்று பார்க்க. மூன்றாம் முறை பேசாமல், தனியாக, எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்று மனப்பாடம் செய்ய. நண்பர்களோடு அரட்டையடித்துக்கொண்டு நடப்பது நடக்காததற்குச் சமம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் கார் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே அச்சாகியிருக்கும். மைதானத்தில் வண்டி அடிபட்டால் செலவு உங்களுடையது. இதை அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 15 லட்சத்தை ஒரே வண்டியில் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கித் தயார் செய்துவிட்டு, மிச்சத்தை வீட்டிலேயே வையுங்கள்.

இன்னொரு ஆதங்கம் உண்டு. நம் வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி. சின்னபாண்டூரில் அப்பல்லோ டயர். ஸ்ரீசிட்டியில் 2016இலிருந்து இசுசு. சத்தியவேடு பக்கம் ஹீரோ பைக். ஒரு வண்டிக்கு வேண்டியதில் பாதி நம் மண்ணிலேயே உருவாகிறது. அதை ஓட்டிப் பழக ஒரு மைதானம் இங்கே இல்லை. இஞ்சினியரிங் கல்லூரி விடுமுறையில் சும்மா கிடக்கிற ஒரு தார் மைதானம் போதும். முறையாகப் பதிவு செய்த கிளப் ஒன்று தொடங்கி, தேசியக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யோடு இணைத்து, காவல்துறை அனுமதி, ஆம்புலன்ஸ், தீயணைப்பான், பயிற்சி பெற்ற மார்ஷல்கள் என்று எல்லாவற்றையும் வைத்து நடத்தினால், ஆறுவழிச் சாலையில் கூடுகிற உங்களில் பாதிப் பேராவது அங்கே வந்துவிடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தங்கைகள் மூன்று பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெண்களுக்குத் தனிக் கிளாஸும் பல போட்டிகளில் உண்டு. கிளப் பதிவில் உங்கள் பெயர்களும் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதே டீக்கடைக்கு வருகிறேன். அளவு டேப், காற்றழுத்த மானி, ஒரு பெட்டி சாக்பீஸ் கொண்டுவருகிறேன். நீங்கள் உங்கள் ஆர்.சி.யின் நகலைக் கொண்டுவாருங்கள். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு வண்டியின் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்து, எது எந்தக் கிளாஸில் நிற்கும் என்று ஒரு நோட்டில் எழுதிவிடலாம். முதல் பக்கத்தில் என் மைத்துனருடைய ஸ்விஃப்ட்: 1298 சி.சி., டர்போ இல்லை, ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங், 1400 கிளாஸ்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உங்கள் அண்ணன்